தானே சுத்தமாகும் மணல்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று முதல் இந்த வீட்டில் எவரும் மணலில் கை வைக்கக் கூடாது.

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வரவேற்பறையில், மனைவி ஒருத்தியும் தங்கை ஒருத்தியும் மீன்கள் ஏழும் கூடியிருந்த பேரவையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் தலைவர். கடல்மீன் தொட்டி வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். அதில் ஒருவர் தொட்டியை விற்றே ஒரு வருஷம் ஆகிறது, டீ நன்றாக இருக்கும் என்பதால் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறார். இருந்தாலும் தலைவர் தலைவர்தானே. குளிக்கப் போகும்போதுகூடப் பின்னால் நாலு பேர் வருவது மாதிரிதான் நடப்பார்.

ஆறடி நீளத் தொட்டி. உப்புத் தண்ணீர், பவளங்கள், நடுவில் கோட்டை மாதிரி ஒரு பெரிய கல், அடியில் நாலு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை மணல். அந்த மணலை ஏழு வருஷமாகச் சுத்தம் செய்து வந்தவள் அவர் மனைவி. மணல் முழுவதையும் ஒரே நாளில் கிளறினால் அடியில் கறுத்துக் கிடப்பதெல்லாம் மேலே வந்து அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், மீன்கள் மிதந்துவிடும். அதனால் மனசுக்குள் மணலை நாலு பங்காகப் பிரித்துக்கொண்டு, வாரம் ஒரு பங்கு என்று டியூபை ஊன்றி, அழுக்கை மட்டும் பக்கெட்டுக்கு இறக்குவாள். சங்கக் கூட்டங்களில் இதற்கு "அடியேன் கண்டுபிடித்த நாற்பங்கு முறை" என்று பெயர்.

இப்போது அடியேனுக்கு அடுத்த ஞானம் பிறந்திருந்தது.

"கடலுக்கு யாரு டியூப் போடுறா? சொல்லு பார்ப்போம். மணலுக்குள்ளயே ஆள் இருக்கு. நத்தை, புழு, கண்ணுக்குத் தெரியாத உயிர்னு ஆயிரம். அதுங்க பார்த்துக்கும். நாம தொந்தரவு பண்ணாம இருந்தா போதும்."

"அப்ப உன் ரூமையும் விட்டுடலாமா அண்ணா?" என்றாள் தங்கை. "கண்ணுக்குத் தெரியாத உயிர் வந்து உன் பனியனையெல்லாம் மடிச்சு வைக்கட்டும். அண்ணிக்கும் முட்டிவலி குறையும்."

டியூப் பரணில் ஏற்றப்பட்டது. தலைவருக்கு இடுப்புப் பிடிப்பு என்பதால் அண்ணிதான் ஸ்டூல் போட்டு ஏற்றினாள்.

அவளுக்கு அந்தத் தொட்டியில் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு மீன். விரல் நீளம், வெளுத்த உடம்பு. வாய் நிறைய மணலை அள்ளி, மென்று, தின்னக் கிடைத்ததைத் தின்று, மீதியைச் செவுள் வழியாகப் பொலபொலவென்று கொட்டும். கொப்பளிப்பான் என்று பெயர் வைத்திருந்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டும் பேசாமல் வேலை பார்க்கிற ஆண் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். அவள் டீயோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் அவனும் வந்து எதிரே உட்காருவான்.

மூன்று வாரத்தில் மணல்மேல் பழுப்புப் பாசி படர்ந்தது. கல்லைச் சுற்றி மட்டும் படரவில்லை. அங்கே ஒரு தட்டு அகலத்துக்கு மணல் கழுவி வைத்தது போல வெள்ளையாக இருந்தது. மறுநாள் இரண்டு தட்டு.

"பார்த்தியா! தானே சுத்தமாகுது!" தலைவர் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினார். சனிக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு மூத்த நிபுணரே இந்த மணலைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

வெள்ளை வட்டம் பெரிதாகப் பெரிதாக மீன்கள் குறைந்தன. ஏழு ஆறாயிற்று. ஆறு நாலாயிற்று. செத்து மிதக்கவில்லை. ஒரு முள், ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. மேலே வலைமூடி போட்ட தொட்டி. அவள் தரையில் டார்ச் அடித்துச் சோபாவுக்கு அடியில்கூடத் தேடினாள்.

"கல்லுக்குள்ள தூங்கும்" என்றார் தலைவர்.

வியாழக்கிழமை காலை, டைமரில் விளக்கு எரிய இன்னும் அரைமணி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தொட்டி மங்கலான நீலமாக இருந்தது. அவள் டீயோடு உட்கார்ந்திருந்தாள். நீல மீன் வெள்ளை வட்டத்துக்கு மேலே சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மணலில் ஐந்து சின்ன நூல்கள் நின்றன. முன்பு பார்த்திராதவை. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, குழந்தை விரல்களை நீட்டினது போல, லேசாக ஆடிக்கொண்டு.

"டக்" என்று ஒரு சத்தம். கண்ணாடியில் நகத்தால் சுண்டியது போல.

மீனைக் காணோம். ஒரு பிடி மணல் எழும்பி மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, குழியின் ஓரத்திலிருந்த பாசித் துணுக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டன. அவசரமே இல்லாமல், ஒரு துணுக்கு விடாமல். பிறகு குழி மூடிக்கொண்டது. மணல் பளிச்சென்று இருந்தது.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தலைவரை எழுப்பிச் சொன்னாள்.

"நீ காலங்காத்தால எதையாவது பார்ப்ப" என்றார் தலைவர். அவள் தொட்டிமீன் விற்கிற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அது கல்லோட வந்த புழும்மா. வரும்போது நூல் மாதிரி இருந்திருக்கும். வளர்ந்தா ஆள் நீளத்துக்குப் போகும். பிடிச்சு மட்டும் இழுத்துடாதீங்க, அறுந்துடும். தலை உள்ள நின்னுட்டா மறுபடி வளர்ந்துடும். கல்லை முழுசா வெளிய எடுங்க."

"ஏழு வருஷமா நான் அதுக்குப் பக்கத்துலயா கை விட்டுட்டு இருந்தேன்?"

"நீங்க வாராவாரம் கிளறுனதுக்குப் பயந்து உள்ளேயே கிடந்திருக்கும்மா. இப்பதான் யாரும் தொந்தரவு பண்றதில்லையே."

கல்லை எடுப்பதா? சனிக்கிழமை நிபுணர் வருகிற நேரத்திலா? தலைவர் காதிலேயே வாங்கவில்லை. அவள் பேச்சை வளர்க்காமல் வலையை எடுத்துக் கொப்பளிப்பானைப் பிடித்தாள். தொட்டித் தண்ணீரும் காற்றுக் குழாயுமாகப் பக்கெட்டில் விட்டுக் குளியலறையில் வைத்தாள். மணல் இல்லாத பக்கெட்டில் அவன் அடியை முட்டி, வெறும் வாயைத் திறந்து திறந்து கொப்பளித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் உயிரோடு இருந்தான். அவளுக்கு அது போதும்.

சனிக்கிழமை காலை விளக்கு எரிந்தபோது தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை. மணல் மட்டும் ஆறடிக்கும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

தலைவருக்கு முகம் மணலோடு போட்டி போட்டது. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவர், கல்லின் பின்பக்க வெடிப்பில் ஏதோ நெளிவதைக் கண்டார். விரல் தடிமன், எண்ணெய் சிந்தின தண்ணீர் போலப் பல நிறம்.

"ஏங்க, இழுக்காதீங்க! கடைக்காரர் சொன்னாரு..."

பவளம் நடும் நீள இடுக்கியால் பிடித்து இழுத்தேவிட்டார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம், ஒன்றரை முழம். பிறகு சட்டென்று கை லேசாகி, தலைவர் சோபாவில் போய் விழுந்தார்.

சங்கம் வந்து சேர்ந்தபோது டீப்பாய்மேல் கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. அதற்குள் அது சுருண்டிருந்தது. தலைவர் எழுந்து நின்று பேசினார். தனி ஒருவனாக, உயிரைத் துச்சமென மதித்து, எதிரியை வேரோடு. நிபுணர் தலையாட்டினார். தொட்டியை விற்றவர் முதலில் கைதட்டினார், டீ எப்போது என்று சமையலறைப் பக்கம் பார்த்தார்.

அவள் டீ கொடுத்துக்கொண்டே பாட்டிலைப் பார்த்தாள். ஒரு முனை ஊசியாக மெலிந்திருந்தது. மறுமுனை கிழிந்திருந்தது. ஐந்து நூல்கள் எங்கேயும் இல்லை.

"ஏங்க, இதுல தலை எங்க?"

"புழுவுக்குத் தலை என்ன, வால் என்ன, எல்லாம் ஒண்ணுதான்" என்றார் தலைவர். சபை சிரித்தது.

"சில பேருக்கும் அப்படித்தான்" என்றாள் தங்கை, மெதுவாக.

அவள் காலிக் கோப்பைகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தலைவர் குளியலறைக்குப் போய் வந்துவிட்டார். நிபுணர் கேமராவைத் தயாராகப் பிடித்திருந்தார். பக்கெட் தொட்டி விளிம்பில் சரிந்திருந்தது.

"இனி இது ஆபத்தில்லாத கடல்! மீனே, போய் வா!"

இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் நேராக மணலுக்கு இறங்கினான். வாய் நிறைய அள்ளினான். செவுள் வழியாகப் பொலபொலவென்று கொட்டினான். கல்லின் பக்கமாக நகர்ந்தான், இன்னொரு வாய் அள்ளினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

வலையைத் தேட நேரமில்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பாதி திறந்திருந்த மூடியைத் தள்ளி, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். விரல்கள் மணலைத் தொட்டன.

"மணலில் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் தலைவர்.

பாட்டிலில் இருந்தது வால்.