எனக்குச் சம்மதம்

ஏற்காட்டு மலையில் உள்ள வாழவந்தியில் ஜீவானந்தத்தின் வீட்டுக்குப் பின்னால், இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ரேடியோ ஏரியலுக்காக ஒரு செம்புக் கம்பி கட்டியிருக்கும். ஒண்டிக்கடை என்கிற முக்கில் செல்போன் பழுது பார்க்கிறவன் அவன். வேலையில்லாத நேரத்தில் சிற்றலை ரேடியோவின் முன் உட்கார்ந்துவிடுவான். தூர தேசத்துப் படகுக்காரர்கள் கடலில் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்பதில் அவனுக்கு அப்படியொரு பிரியம். பெரும்பாலும் பாஷை புரியாது. இலங்கைப் படகுகள் கிடைத்தால் மட்டும் புரியும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆராவது கேக்கிறியளோ? எஞ்சின் நிண்டிட்டுது. தண்ணி ஏறுது. மூண்டு பேர் இருக்கிறம்."

யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்துக் கரைக்கு எட்டாத ரேடியோ அலை சில சமயம் தொலைவில் இருக்கும் மலைக்கு எட்டிவிடும். மனைவி மேகலா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, கேக்குதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

"இதுல கேக்கத்தான் முடியும் புள்ள. பேச முடியாது."

அந்தக் குரல் சொன்ன இடக்குறிப்பை எழுதிக்கொண்டு கடலோரக் காவல்படைக்குப் போன் போட்டான். இலங்கைக்குத் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். அவன் திரும்பி வந்தபோது அந்த மனிதர் உதவி கேட்பதை விட்டுவிட்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"நான் பருத்தித்துறை ஜெயசீலன். ராஜினியிட்டச் சொல்லுங்கோ. மகள் மேரிக்கு அந்தப் பெடியனையே கலியாணம் செய்து வைக்கட்டும். எனக்குச் சம்மதம்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மேகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காவல்படையிலிருந்து அழைத்தார்கள். இரண்டு பேரை உயிரோடு மீட்டுவிட்டார்களாம். ஜெயசீலன் கிடைக்கவில்லை.

ஜீவானந்தம் பருத்தித்துறை மீனவர் சங்கத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து, அவர்கள் மூலம் ராஜினியின் எண்ணை வாங்குவதற்குள் வாரம் ஒன்று ஓடிவிட்டது. உடனே அழைத்தான்.

"அக்கா, நான் ஏற்காட்டுலருந்து பேசறனுங்க. அன்னிக்கு உங்க ஊட்டுக்காரரு பேசுனத ரேடியோவுல கேட்டனுங்க."

கேட்டதை அப்படியே சொன்னான்.

"அந்த நேரம் பயந்து போனவரோ, தம்பி?"

"கடைசி வரைக்கும் மகளப் பத்தித்தாங்க பேசுனாரு."

அந்தம்மாள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "மேரி இஞ்ச நிக்கிறாள். அவளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

ஒரு சொல் மாற்றாமல் மறுபடியும் சொன்னான்.