பத்து வட்டத்தில் மூன்று

மதியம் லேபில் கூட்டம் கலைந்த பிறகு, டெக்னீஷியனான அவனைத் தேடி மச்சினன் வந்தான். இறந்துபோன மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஒரு கையில் கண்ணாடித் தகடு, இன்னொரு கையில் மடித்த புகார் மனு.

"மாமா, அக்கா கட்டியோட சிலைடு. அந்தக் கணக்குப்பிள்ளை தப்பா எண்ணியிருக்கான். லேப்காரர் நீங்களே சொன்னா ஆளை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

எதையும் இரண்டு முறை எண்ணுகிற நோயியல் டாக்டருக்கு லேபில் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. மாடிப்படியைக்கூட எண்ணித்தான் ஏறுவார் என்று கேலி உண்டு. மைக்ராஸ்கோப்பில் தெரிகிற பார்வை வட்டம் பத்துக்கு மூன்று செல்கள்தான் பிரிகின்றன, மெதுவாக வளரும் கட்டி என்று எழுதிக் கொடுத்தவர் அவர். அதை நம்பி கீமோ மருந்தேற்றாமல் விட்டார்கள். எட்டே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவர் எண்ணினா தப்பாதுடா."

"லிஃப்ட் விழுந்தா, கயிறு நல்லாருக்குன்னு எழுதிக் கொடுத்தவனைத்தான் மொதல்ல பிடிப்பாங்க. உங்காளுக்கு மட்டும் கொம்பா மொளைச்சிருக்கு?"

டெக்னீஷியன் தகட்டை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தான். தினமும் பார்க்கிற வேலைதான். பிரியப்போகிற செல்லில் முதலில் குரோமோசோம் நூல்கள் தடித்துத் திரளும். பிறகு நடுவில் வரிசை கட்டும். அடுத்து இரு பங்காகி எதிரெதிர் முனைக்கு இழுபடும். கடைசியில் முனைக்கொரு கரு உருவாகி, இடுப்பு ஒடுங்கி, ஒன்று இரண்டாகும்.

பத்து வட்டம் பார்த்தான். மூன்றுதான். மூன்றும் கடைசிக் கட்டத்தில் இருந்தன. தகடு முழுவதும் தேடினான். நூல் திரள்கிற செல் ஒன்றுகூட இல்லை. வரிசை கட்டியதும் இல்லை.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தான். வெட்டிய சதையை உடனே பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் ஒவ்வொரு செல்லும் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். தாமதித்தால், தொடங்கியவை பிரிந்து முடித்துவிடும். புதிதாக எதுவும் தொடங்காது. எண்ணுவதற்கு மிச்சம் இருக்காது.

மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்று, சதையை லேபுக்குக் கொண்டுபோகும் ஆள் விடுப்பு. தியேட்டர் நர்ஸ் அதை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு அவனிடம் கொடுத்தாள். "நீங்கதான் லேப்காரராச்சே, கையோட ஃபார்மலின்ல போட்டுடுங்க." வேறு யாராக இருந்தாலும் ஃபார்மலின் ஊற்றித்தான் கொடுத்திருப்பாள். அவன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தான். அவள் கண் விழிக்க மூன்றரை மணி நேரம் ஆயிற்று. லேபுக்கு வந்து, பதிவேட்டில் வெட்டிய நேரம் என்ற இடத்தில் ஃபார்மலின் ஊற்றிய நேரத்தை எழுதினான். கை பழக்கத்தில் எழுதியது.

"எத்தனை மாமா?"

"மூணு."

"கூட வேலை பாக்கறவனை விட்டுக்கொடுக்க மாட்டீங்களே!"

"அவர் சரியாத்தான் எண்ணியிருக்கார். நான்தான் கெட்டுப்போன சதையைக் கொடுத்திருக்கேன்." எல்லாவற்றையும் சொன்னான். குரல் ரிப்போர்ட் வாசிப்பதுபோல இருந்தது.

மச்சினன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நானும் அங்கதான இருந்தேன். நான் பாத்துக்கறேன், நீங்க போங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"முழிச்சதும் 'என்னைத்தான் தேடுவா'ன்னீங்க."

"ஆமா."

"தேடினாளா?"

"தண்ணி கேட்டா. மறுபடியும் தூங்கிட்டா."

மச்சினன் மனுவைப் பிரித்து மேசையில் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினான். நீவிக்கொண்டே இருந்தான்.

"டாக்டர் பேரை அடிச்சுட்டு உங்க பேரை எழுதுங்க. அக்கா புருஷன் பேரை எழுத எனக்குக் கை வராது."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினான். அவன் வாங்கிக்கொண்டான்.