நான்கடி உயரத்தில்

ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய நாற்பத்தெட்டு விநாடி ஆனது. பத்மஜா ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஷவரைக் கழற்றிய குழாய் முனையில் பாத்திரத்தைப் பிடித்தபடி, மறு கையிலிருந்த போனில் மூன்றாம் முறையாக நேரம் பார்த்தாள். மூன்று முறையும் ஏறக்குறைய அதே கணக்கு. தண்ணீர் விழவில்லை, வழிந்தது.

வலியசாலையில் அவர்களுடையது ஓட்டு வீடு. பின்கட்டில் குளியலறைக்கு மட்டும் கான்கிரீட் கூரை. தண்ணீர்த் தொட்டி அதன் மேல் இருந்தது. தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் இடையே மூன்றரை அடி. பத்து மீட்டர் உயரம் இருந்தால் ஒரு பார் அழுத்தம் என்று பி.எஸ்ஸி. முதல் வருடத்தில் படித்திருந்தாள். இங்கே அதில் பத்தில் ஒரு பங்குதான்.

மூன்று மாதம் முன்பு அம்மா லலிதாம்பாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டாள். எலும்பு சேர்ந்துவிட்டது. கை காதுக்கு மேல் போகவில்லை. தலைக்குக் குளிக்காமல் அடுப்பு பற்றவைக்காதவள். அப்பா நாலு மணிக்கே கோயில் மடப்பள்ளிக்குப் போய்விடுவார். அதனால் பத்மஜா கழக்கூட்டத்து ஹாஸ்டலைக் காலி செய்து வந்து, வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தாள். தினமும் விடிகாலையில் அம்மாவின் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அம்மா பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்து நிமிடமும் இருவரும் பேசிக்கொள்வதில்லை. கடைசியில் "போரும்" என்பாள், அவ்வளவுதான். முதுகு மட்டும் விறைத்தே இருக்கும்.

திங்கட்கிழமை முதல் ஆபீசுக்கு நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். ஆள் வைக்கலாம் என்றபோது அம்மா கேட்கவில்லை.

"வேற ஒருத்தி கையால தண்ணி விட்டுண்டு நான் அடுப்படிக்குள்ள போகணுமா? குளிக்காமயே இருந்துக்கறேன். நீ போடி."

அம்மா சொன்னால் செய்வாள். அடர்ந்த முடியும் சுற்றிய புடவையும் நனைய வேண்டுமானால் இந்த வழிசல் போதாது. வேகம் வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் அழகியநம்பியின் குழாய்க் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். நாலு பேர் நடுவே பத்மஜாவுக்கு வாய் திறக்க வராது. எழுதிக்கொண்டு வந்த தாளை மேசை மேல் வைத்தாள். உயரம், நேரம், குழாயின் அளவு எல்லாம் அதில் இருந்தன.

"இதென்ன மோளே, பரீட்சைப் பேப்பரா? பாஸ் மார்க்கு எத்தனை?" நம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஷவரைத் தூக்கி வைத்தார். "மழை கொட்டுற மாதிரி கொட்டும் கேட்டியா. கூட ஒரு பிரஷர் பம்பு. தண்ணி ஓடுனா அதுவே ஓடும்."

சாமான் வாங்க வந்திருந்த பிளம்பர் பிபின் தாளை எட்டிப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னான். "நிமிஷத்துக்கு ஒண்ணேகால் லிட்டரல்லே வருது. ஒண்ணரையாவது வந்தாத்தான் பம்பு ஓடத் தொடங்கும், சேச்சி. இல்லேங்கில் தண்ணி போறதையே அது அறியாது."

"அப்போ?"

"கையால போடுற சுவிட்ச் வெக்கணும். ஈரத்துல ஷாக்கடிக்கும், பாத்ரூமுக்கு வெளியதான் வெக்க முடியும். ஒராள் வெளிய நின்னு போட்டுத் தரட்டு."

வெளியே ஓர் ஆள். அது வேண்டாம் என்றுதானே வந்தாள். தொட்டியை உயர்த்தலாமா என்றால், அந்தக் கூரை தாங்காது. கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஷவர்களை அண்ணாந்து பார்த்தாள். எல்லாமே தலைக்கு மேல். நிற்கிறவர்களுக்கு. அம்மா ஒரு நாளும் நின்று குளித்ததில்லை. ஸ்டூல் போட்டு ஏறி நின்று அளந்தது தன்னுடைய உயரத்துக்கு.

"ஷவரை... கீழே எறக்கினா?"

"எவ்வளவு கீழ?"

நெஞ்சுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினாள்.

"எந்தா சேச்சி, கொழந்தைக்கா?"

மறுபடியும் சிரிப்பு. வேறொரு நாளாக இருந்தால் தாளை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"அம்மாக்கு. அம்மா மணையில உக்காந்துதான் குளிப்பா. கை தூக்க முடியாது." சொன்னதும், அம்மாவை ஈரப்புடவையோடு கடைத்தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டதைப் போலிருந்தது. தாளைப் பார்த்தபடியே மீதியையும் சொல்லி முடித்தாள். "நாலடியில வெச்சா, தொட்டிக்கும் அதுக்கும் ஆறரை அடி. ஒண்ணரைக்கு மேல வரும்."

பிபின் உதட்டுக்குள் கணக்குப் போட்டான். "வரும்" என்றான்.

நம்பி அகல ஷவரைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, உள்ளங்கையளவில் ஒன்றைக் கொண்டுவந்தார். "இதுல ஓட்டை சின்னது. குத்தி விழும். அம்மைக்கு இதாக்கும் சரி." பிறகு, "எனக்குத்தான் மார்க்கு இல்ல" என்றார்.

அன்று சாயங்காலமே பிபின் வந்து பம்பையும், நாலடி உயரத்தில் ஷவரையும் மாட்டிவிட்டுப் போனான். லலிதாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னடி இது, பசுமாட்டைக் குளிப்பாட்ட வெச்ச மாதிரி?"

"உக்காந்து பாரேன்."

"பாக்கறேன், பாக்கறேன்."

ஞாயிறு விடிகாலையில் பத்மஜா வழக்கம்போல் பழைய புடவையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். அம்மா அதை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

"நீ வெளில நில்லு."

தாழ்ப்பாள் விழுந்தது. மூன்று மாதமாக அந்தச் சத்தம் கேட்டதில்லை. பத்மஜா துவாலையோடு கிணற்றடியில் நின்றாள். மணை நகரும் ஒலி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கூப்பிடுவாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது.

பம்பு உறுமியது. தண்ணீர் துணி மேல் சடசடவென்று அடித்தது. நின்றது. எதையோ கல்லில் உரசும் சத்தம். மறுபடி உறுமல்.

சுவரடியில் இருந்த துளை வழியாகத் தண்ணீர் வெளியே வந்து, வாழைகளை நோக்கி ஓடிற்று. முதலில் தெளிவாக வந்தது. பிறகு மஞ்சளாக வந்தது. இந்த மூன்று மாதமாக அம்மா மஞ்சள் பூசிக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எடுத்துக் கொடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பூசி விடட்டுமா என்று இவளும் கேட்டதில்லை.

பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. மஞ்சள் தண்ணீர் அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பத்மஜா காலை நகர்த்தவில்லை.