காதுக்கு எட்டாத போன்

அவள் வேலை பார்த்த கம்பெனி, கைபேசிகளையும் அவற்றை ஓட்டும் இயங்குதளம் என்கிற சிஸ்டத்தையும் தயாரித்தது. சந்தையை ஏற்கெனவே இரண்டு பெரிய இயங்குதளங்கள் வளைத்துப் போட்டிருந்தன. மூன்றாவதாக உள்ளே நுழைய இவர்கள் வருடக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தார்கள். போன் வேகமாகத்தான் ஓடியது, செயலிகள்தான் இல்லை. செயலி எழுதுகிறவர்களைக் கேட்டால், "ஆள் சேரட்டும், எழுதறோம்" என்றார்கள். வாங்க வந்தவர்களோ, "செயலி வரட்டும், வாங்கறோம்" என்று நழுவினார்கள்.

அப்பாவுக்குக் காதுக்கருவி பொருத்தியதும் இந்தச் சண்டை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கருவியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் போனில் ஒரு செயலி வேண்டும். மகள் பெருமையாக வாங்கிக் கொடுத்த போனுக்கு அது கிடையாது.

"உங்க கம்பெனி போன்தானே? நீயே போட்டுக் குடேன்" என்றார் அப்பா.

காதுக்கருவிக் கம்பெனிக்கே போய்க் கேட்டாள். அங்கிருந்த பொறியாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டு போனுக்கு எழுதவே நாக்கு தள்ளுது மேடம். கருவியோட பேசற முறையை வேணா தரேன், நீங்களே எழுதிக்குங்க."

அவளே எழுதிய செயலி, விடுமுறைகளையெல்லாம் தின்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது. சமையலறையில் நின்று அப்பாவின் போனில் சத்தத்தைக் கூட்டினாள். கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "குழாய் சொட்டுது, மூடும்மா!"

மறுநாள் மேலாளரிடம் காட்ட ஓடினாள். அவர் போனைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"மெயில் பாக்கலையா? நம்ம சிஸ்டத்தை மூடிட்டாங்க. இனிமே நம்ம போன்லயும் போட்டிக்காரங்க சிஸ்டம்தான்."

"இத்தனை வருஷ உழைப்பு சார்!"

"என்னோடதும்தான்மா."

இனி அந்தப் போனில் ஏதாவது கோளாறு வந்தால் சரிசெய்ய ஆள் இல்லை. அதில் அப்பாவின் காதை நம்பி விட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போய், போட்டிக்காரர்களின் போனை வாங்கி வந்தாள். செயலி உடனே இறங்கியது. கருவியோடு உடனே இணைந்தது.

அப்பா திரையைத் தடவிப் பார்த்தார். "அட, சுலபமா இருக்கே! இதை முதல்லயே வாங்கியிருக்கலாம்ல?"

அவள் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

"மெதுவாம்மா," என்றார் அப்பா வெளியிலிருந்து, "எனக்கு நல்லாவே கேக்குது."