பை கொடுத்த கை

...தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள், சரி, ஏற்கெனவே தொட்டு, வாங்கி, மடியில் வைத்து, அதன்மேல் கையையும் போட்டுக்கொண்டவள் என்ன செய்யவேண்டும் என்று எழுதியிருக்கிறார்களா, எழுதமாட்டார்கள், எழுதுகிறவன் என்றைக்குப் பன்னிரண்டு பி பஸ்ஸில் ஏறினான், ஜீப்பில் போய் ஜீப்பில் வருகிறவன்... காமாக்ஷி டிரைவருக்குப் பின்னால் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீசை மறுபடியும் படித்தாள். கேட்பாரற்றுக் கிடக்கும் பைகளைத் தொடாதீர்கள், நடத்துநரிடம் தெரிவியுங்கள். இந்தப் பை எங்கேயும் கிடக்கவில்லையே, அவள் மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. லஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து, வெளியே குப்பைத்தொட்டியைச் சுற்றிக் குப்பை போடுகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கை நீண்டது, கொஞ்சம் வெச்சுக்குங்க என்றது, வாங்கிக்கொண்டாள். இந்த ஊரில் நிற்கிறவள் பையை உட்கார்ந்திருக்கிறவள் வாங்கிக்கொள்ளவேண்டும், வாங்காவிட்டால் அத்தனை பேரும் முறைப்பார்கள். கோயம்புத்தூரில் அத்தனை குண்டு வெடித்தபிறகாவது இந்தப் பழக்கம் நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. பயப்படக்கூடச் சரியாகத் தெரியாத ஜனங்கள். இப்போது ஆழ்வார்பேட்டை தாண்டிவிட்டது, நின்றுகொண்டிருந்த கூட்டம் மாறிவிட்டது, கொடுத்தவளைக் காணோம்.

காணோம் என்று எப்படித் தெரியும், யாராவது இந்தப் பையைப் பார்த்தால்தானே அவளுடையது என்று தெரியும், ஒருத்தியும் பார்க்கவில்லை. காலையிலேயே வாடிப்போன கனகாம்பரத்தைத் தலை நிறைய வைத்துக்கொண்டு ஒருத்தி, கம்பியில் தொங்கியபடி கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி, எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும் இரண்டு காலேஜ் பெண்கள். இவர்களிடம் இது யார் பை என்று கேட்பதா? கேட்டால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். பழுப்பு ரெக்ஸின், பாதியில் சிக்கிய ஜிப், அடியில்... அடியில் சூடாக இருந்தது, புடவையைத் தாண்டித் தொடையில் சுட்டது, குண்டு சூடாக இருக்குமா, இருக்காதா? வேணாம் காமு, யார் பையையும் வாங்காதே, காலம் கெட்டுக் கெடக்கு என்று தினமும் பேப்பரை மடித்துவிட்டுச் சொல்கிற கணவர் கல்யாணராமனுக்காவது தெரியுமா? அவருக்கு என்ன தெரியும், சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவையைக் கும்பகோணம் பஸ்ஸில் விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்த மனுஷன். இது வெடித்தால் அவர் சொன்னது சரியாகிவிடும். வருகிறவர்களிடமெல்லாம், படிச்சுப் படிச்சுச் சொன்னேன் ஸார், கேக்கலையே என்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பியைக் குடித்துக்கொண்டு. செத்துப்போவதைவிட அதுதான் தாங்காது.

பக்கத்தில் இருந்த பருத்த அம்மாளிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், யாரோ குடுத்தா, ஆளைக் காணோம் என்று. அந்த அம்மாள் முதலில் தன் கத்தரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டாள், எழுந்தாள், அதற்குப் பிறகுதான் கத்தினாள். விசில் பறந்தது, பஸ் எல்டாம்ஸ் ரோடு ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி நின்றது. இறங்கி ஓடுகிற புத்தி ஒருவருக்காவது உண்டா, கிடையாது, இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கவேண்டும், வெடித்தாலும் நன்றாகத் தெரிகிற இடத்தில் நிற்கவேண்டும். கண்டக்டர் தலைகளுக்குமேல் எட்டிப்பார்த்துக் கேட்டான்.

"யாரும்மா குட்த்தது? ஆளு எப்டி இருந்தாங்க?"

எப்படி இருந்தாள்? காமாக்ஷி தேடிப் பார்த்தாள், ஒரு கை, அவ்வளவுதான், அந்தக் கையில் வளையல் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பஸ் முழுவதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆபீசில் தெரியாது மேடம் என்று வந்து நிற்கிறவர்களை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று இந்தக் கும்பலிடமா சொல்வது?

"முக்காடு போட்டுண்டு ஒருத்தி நின்னுண்டிருந்தா" என்றாள்.

பொய் இல்லை. நின்றுகொண்டிருந்தாள் என்றுதான் சொன்னாள், கொடுத்தாள் என்றா சொன்னாள்? முன்வாசல் பக்கம் கறுப்புப் பர்தாவில் ஒரு பெண் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தாள், நெஞ்சோடு புத்தகங்கள், தோளில் ஒரு துணிப்பை, பஸ்ஸில் வேறு முக்காடு இல்லை. எல்லாத் தலையும் அங்கே திரும்பியது. அது தன் பை இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். தோள்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினாள், வெள்ளைக் கோட்டு, ஸ்கேல், ஒரு டிபன் டப்பா. அத்தோடு விடுவார்களா, இத்தனை நாள் பேப்பரில் படித்த வீரமெல்லாம் எங்கே போகும்?

"உன்து இல்லன்னா பயம் இன்னாத்துக்கு? நீயே எட்த்துக்கினு போய் கீழ வை" என்றான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன், வாகாக வெளிப்பக்கம் சாய்ந்தபடி. கண்டக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொடாதீர்கள் என்பது எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருந்தது, ஒருவராவது அதை எடுத்துச் சொல்லவேண்டுமே, கோழைகள், ஒரு சின்னப் பெண்ணைக் குண்டு தூக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நிற்கிற கோழைகள்... அவள்? அவளும்தான் சொல்லவில்லை. ஆனால் அவள் மடியில் அல்லவா அது இருக்கிறது, அவள் எப்படிக் கோழையாவாள்?

அந்தப் பெண் வந்தாள். கூட்டம் தானாக வழி விட்டது. கத்தரிக்காய் அம்மாள் காலி செய்த இடத்தில் புத்தகங்களை வைத்தாள், குனிந்து பையின் இரண்டு பக்கமும் கை வைத்தாள். தூக்கவில்லை. முகத்துக்கு நேரே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"மேடம், நான் குடுத்ததை நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லவேண்டியதுதான், ஒரு வார்த்தை, தொண்டைவரை வந்தது, பின்னே எதுக்கு மேடம் சொன்னீங்க என்று பஸ் கேட்கும், கண்டக்டர் கேட்பான், அந்தக் கத்தரிக்காய் கேட்பாள்... பார்த்தேன் என்றும் வரவில்லை, அந்த அளவுக்கு அவள் ஒன்றும் மட்டமானவள் இல்லை. பையை விடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, எவ்வளவு நேரம்... அதற்குள் பின்னாலிருந்து, ஐயோ அது என் சாப்பாட்டுப் பைம்மா என்று ஒரு குரல் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தது.

"பின்னாடி எடம் கெடச்சுதுன்னு ஒக்காந்தேன், கண்ணு அசந்துட்டேன். தெனம் இவங்ககிட்டதானே குடுக்கறேன், மேடத்துக்கு என்னை நல்லாத் தெரியுமே."

ஜிப்பை இழுத்தாள், சாம்பார் வாசனை வந்தது. பஸ் சிரித்தது, சற்றுமுன் சாகப்போனவர்கள் எல்லாம் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள், படிக்கட்டுக்காரன் இப்போது உள்ளே வந்து சிரித்தான். சாம்பாருக்கா மேடம் இவ்ளோ கலாட்டா என்று கேட்டுவிட்டுக் கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான். அந்தப் பெண் புத்தகங்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் ஸ்டாப் இது இல்லை போலிருக்கிறது, ஏறும்மா, ஒண்ணும் இல்ல என்று கண்டக்டர் கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை.

என்ன ரோஷம், என்ன ஆகிவிட்டது இப்போது, யாராவது அடித்தார்களா, அடுத்த பஸ்ஸுக்கு இந்த வெயிலில் நின்று சாகட்டும்... தினம் இவங்ககிட்டதானே, தினமும்? பைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள், காமாக்ஷி அந்தப் பக்கம் திரும்பவில்லை, ஜன்னல் பக்கமே பார்த்தாள். சிக்னல் விழாமல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பார்க்கவில்லை என்று இப்போது சொல்லிவிடலாம், ஜன்னல் வழியாக, ஒருவருக்கும் கேட்காது, அவள் நிமிர்ந்து பார்த்தால் போதும். நிழற்குடையின் கீழே கறுப்புப் பர்தாவில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று பேர் கையிலும் ஏதோ இருந்தது. இதில் எவள்? முகத்தை மூடவில்லையே, முக்காடுதானே, இத்தனை கிட்டத்தில், மூச்சு மேலே படுகிற தூரத்தில் குனிந்து கேட்டாளே... கறுப்பா, சிவப்பா? மூன்று பேரில் ஒருத்தி பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினாள், காமாக்ஷியின் கை ஜன்னல் கம்பிவரை உயர்ந்து அங்கேயே நின்றது. பஸ் நகர்ந்தது. கண்ணாடி போட்டிருந்தாளோ?