மாமனார் பிடித்த எர்த்

டில்லிபாபுவின் எலக்ட்ரிக் கிடார் பாடுவதற்கு முன்னால் உறுமும். ஆம்ப்ளிஃபையரில் ஒயரைச் செருகியதுமே 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பும், பக்கத்துத் தெருவில் மாவு மிஷின் ஓடுவதுபோல. வெள்ளானூரில் அவன் வீட்டுக்கு எதிரிலேயே டிரான்ஸ்ஃபார்மர் நின்றது. எல்லாம் அதன் வேலை என்று அவனாக முடிவுகட்டி, காலையில் பைக்கை எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் திருமழிசையில் இருந்த லேத் பட்டறைக்குக் கிளம்புவான்.

சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. ஆசையாகக் கிடாரைத் தூக்கிக்கொண்டு போனான். செருகினான். உறுமியது. அவன் மாமனார் தங்கவேல், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தச் சத்தம் கேட்டாலும் அதை விசாரிக்காமல் விடமாட்டார். பட்டப்பகலில் எவன் ஜெனரேட்டரை ஓட்டுகிறான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனார். அங்கே பிரியாணி அண்டாவும் அதைக் கிண்டிக்கொண்டிருந்த ஆளும்தான் இருந்தார்கள்.

"டீசல் என்ன சும்மாவா வருது? நிறுத்துய்யா ஜெனரேட்டர!" என்று அந்த ஆளிடம் கத்தினார்.

"ஜெனரேட்டரா? அது ஒங்க மாப்ள பா" என்றார் அவர்.

அன்று சிரிக்காதவர்கள் இரண்டே பேர், மாமனாரும் மாப்பிள்ளையும். அதற்குப் பிறகு தங்கவேல் தன் மகள் காவ்யாவிடம் போனில் சொன்னது ஒன்றுதான்: "தம்பி ரிசப்ஷனுக்கு உன் ஊட்டுக்காரர் வரட்டும், தலைமேல வச்சிப்பேன். அந்தப் பொட்டி வரக்கூடாது."

தம்பி என்றால் காவ்யாவின் தம்பி விஷால். ஆவடியில் மண்டபம் பிடித்திருந்தார்கள். விஷால் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும்போது மாமா டில்லிபாபு வாசிக்கவேண்டும் என்று அவனே கேட்டிருந்தான். டில்லிபாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உறுமலை ஒழித்துவிட்டு மாமனார் காதுபடவே வாசிப்பது என்று தீர்மானித்தான்.

வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினான். தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்கிற காந்தச் சுருள்தான் தந்தியின் அதிர்வைப் பிடித்து அனுப்புகிறது, கூடவே ட்யூப்லைட், ஃபேன், டிரான்ஸ்ஃபார்மர் என்று அக்கம்பக்கத்து இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கிறது என்று தெரிந்தது. ஒற்றைச் சுருளைக் கழற்றிவிட்டு, இரைச்சலை அடக்குகிற இரட்டைச் சுருள் பிக்கப் மாட்டவேண்டும். கிடாரின் வயிற்றுப் பள்ளத்தில் செம்பு டேப் ஒட்டி இரைச்சலை உள்ளே விடாமல் அடைக்கவேண்டும். இரண்டையும் ஆன்லைனில் வரவழைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாயை விரித்து, கிடாரை மல்லாத்திப் படுக்கப் போட்டான். காவ்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூரில் ஸ்டெபிலைசர் செய்யும் யூனிட்டில் நாள் முழுக்கச் சால்டரிங் செய்தவள் அவள். கை சும்மா இருக்கவில்லை.

"குடு, நான் பத்த வக்கிறேன்."

"இது ஸ்டெபிலைசர் இல்லமே, மூஸிக்கு."

"ஈயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?"

"நீ டீ போடு, போ."

அவள் டீ போடப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவன் செம்பு டேப்பை ஒட்டிய விதம், தீபாவளிப் பலகாரத்தைப் பேப்பரில் சுற்றுவதுபோல இருந்தது. பாதிப் பள்ளத்திலேயே டேப் தீர்ந்துவிட்டது. அடுப்பங்கரையில் இருந்து சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயிலை எடுத்துவந்து மிச்சத்தை ஒட்டினான். அதில் ஈயம் ஒட்டவில்லை, உருண்டு உருண்டு ஓடியது. ஓடிய ஒரு சொட்டு பாயில் விழுந்து புகைந்தது. காவ்யா டம்ளர் தண்ணீரை ஊற்றினாள், அவன் கால்மேலும் கொஞ்சம்.

"பாய் போச்சு" என்றாள்.

"பாட்டு வரும்" என்றான்.

பழைய பிக்கப்பைப் பிடுங்கும்போது எங்கோ 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவன் கண்டுகொள்ளவில்லை. காவ்யா குனிந்து பார்த்தாள். பள்ளத்தின் ஓரத்தில், தந்திகளைத் தாங்கும் இரும்புப் பட்டையின் பக்கமாக ஒரு துளை போயிற்று.

"இந்த ஓட்டைல ஒயர் எதுவும் வராதா?"

"அதுவா? காத்து போறதுக்கு வச்சிருப்பான்."

"கிடாருக்கு இன்னாத்துக்குக் காத்து?"

"உள்ள சூடாவும் இல்ல."

திருகாணிகளை முடுக்கி மூடினான். ஆம்ப்ளிஃபையரைப் போட்டான். வீட்டில் அவன் வாசிக்கும்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வெறுங்காலைத் தூக்கி ஆம்ப்ளிஃபையரின் இரும்புத் தகட்டின்மேல் வைத்துக்கொள்வது வழக்கம். அன்றும் அப்படியே வைத்தான். உறுமல் இல்லை. கொசு பறந்தால் கேட்கும் போல அமைதி. ஒரு மீட்டு மீட்டினான், பளிங்குபோல வந்தது. காவ்யாவே வாயைப் பிளந்தாள்.

"இப்போ சொல்லு, காத்து ஓட்டையா இல்லையா?" என்றான்.

ரிசப்ஷன் மேடை முழுக்கச் சீரியல் லைட். மணமக்களின் நாற்காலிக்குப் பின்னால் விளக்கு அன்னப்பறவைகள் நிறம் மாறிக்கொண்டே இருந்தன. மேடையின் ஓரத்தில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் டில்லிபாபுவுக்கு ஒரு பாட்டுக்கு மட்டும் இடம் விட்டார்கள். புது ஷூ, புது கோட்டு. தங்கவேல் முதல் வரிசையில் இருந்து எழுந்து, ஆட்களை வரவேற்கும் சாக்கில் மேடை ஓரமாகவே வந்து நின்றார்.

டில்லிபாபு நிமிர்ந்து நின்று ஒயரைச் செருகினான்.

'ம்ம்ம்ம்ம்ம்ம்!'

இத்தனை நாளும் கேட்டதெல்லாம் குட்டி, இதுதான் தாய் என்பதுபோல ஒரு உறுமல். அன்னப்பறவைகள் நிறம் மாறும்போது உறுமலும் சுருதி மாறியது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். டில்லிபாபுவுக்குக் கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. திருகுகளைத் திருகினான், ஒயரைப் பிடுங்கிச் செருகினான். உறுமல் போகவில்லை.

தங்கவேல் மேடை ஏறிவிட்டார்.

"நான் இன்னா சொன்னேன் மாப்ள? எறங்குங்க. சம்பந்தி ஊட்டு ஆளுங்கல்லாம் பாத்துகினு கீறாங்க."

"மாமா, ஒரே நிமிஷம்..."

"ஒரு நிமிஷமும் வேணாம்!"

பெட்டியை நிறுத்துகிற விசை எங்கே என்று தெரியாமல் ஆம்ப்ளிஃபையரின் இரும்புத் தகட்டை ஒரு கையால் தடவினார். இன்னொரு கையால் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

உறுமல் நின்றது.

தங்கவேல் பயந்துபோய்க் கையை விட்டார். 'ம்ம்ம்ம்!' மறுபடி பிடித்தார். அமைதி. விட்டார். 'ம்ம்ம்ம்!'

"இன்னா மாப்ள இது, நான் தொட்டா அடங்குது?"

கீழே கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த காவ்யாவுக்கு நொடியில் புரிந்துவிட்டது. வெறுங்கால், இரும்புத் தகடு, காற்று போகிற ஓட்டை. எர்த் இல்லை! தந்திகளின் இரைச்சலைத் தகட்டுக்கு இறக்கவேண்டிய எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. வீட்டில் தகட்டின்மேல் வைத்த அவன் கால் வழியாக உறுமல் அடங்கியது, இங்கே அவள் அப்பா வழியாக அடங்குகிறது.

"நைனா! உடாத! அப்பிடியே புட்ச்சிகினு இரு!" என்று கிண்ணத்தை ஆட்டிக்கொண்டே கத்தினாள். சந்தனம் நாலு பேர்மேல் தெறித்தது.

"எம்மா நேரம்?"

"பாட்டு முடியிறவரைக்கும்!"

"கைய புட்ச்சா அவர் எப்பிடி வாசிப்பாரு?"

"பிடரியப் புடி!"

தங்கவேல் யோசித்தார். மகன் கல்யாணம், மகள் கத்துகிறாள், சம்பந்தி வீடு பார்க்கிறது. இடது கையை இரும்புத் தகட்டில் அழுத்திவைத்து, வலது கையால் மாப்பிள்ளையின் பிடரியைப் பற்றினார். பூனைக்குட்டியைத் தூக்குகிற பிடி. அந்தப் பிடியோடு டில்லிபாபு வாசிக்கத் தொடங்கினான்.

நன்றாகவே வாசித்தான். பழைய காதல் பாட்டு ஒன்று, மெதுவாகத் தொடங்கி நடுவில் துள்ளுவது. துள்ளுகிற இடத்தில் அவன் தலையை ஆட்டினான், மாமனாரின் கையும் சேர்ந்து ஆடியது. இரண்டாவது சரணத்தில் தங்கவேலுக்குக் கொசு கடித்து, தகட்டில் இருந்த கையை எடுத்துச் சொறிந்துவிட்டார். 'ம்ம்' என்று எட்டிப் பார்த்த உறுமலைச் சட்டென்று கையை வைத்து அடக்கினார். அதற்கு விசில் பறந்தது. அதன்பிறகு பாட்டு நிற்கிற இடங்களில் அவராகவே கையை எடுத்து வைக்க ஆரம்பித்தார். 'ம்ம்', நிறுத்தம். 'ம்ம் ம்ம்', நிறுத்தம். டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே அதற்கேற்ப அடித்தார்.

சம்பந்தி கோவிந்தராஜ் மேடைக்கே வந்து தங்கவேலுக்குச் சால்வை போர்த்தினார். "மாப்ளய இப்பிடி அணைச்சிகினு நிக்கிற மாமனார நான் பாத்ததே இல்ல" என்றார். தங்கவேல் இல்லையென்று சொல்லவில்லை. டில்லிபாபுவின் பிடரியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. ஆனால் அன்றைக்கு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரசமலாய் வைக்கச் சொல்லிச் சாப்பிட வைத்தது மாமனார்தான்.

அடுத்த நாள் காவ்யா யாரையும் கேட்காமல் கிடாரைத் திறந்தாள். அறுந்த ஒயரின் நுனி அந்தத் துளைக்குள்ளேயே பதுங்கியிருந்தது. அலுமினிய ஃபாயிலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, செம்பு டேப்பை மூலை முடுக்கெல்லாம் தேய்த்து ஒட்டினாள். ஒயரை நீட்டி, ஒரு சொட்டு ஈயம் வைத்தாள். சொட்டு முத்துபோல உட்கார்ந்தது. டில்லிபாபு தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

"சக்கர பத்தல" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கே தங்கவேல் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு. "வேப்பம்பட்டுல நம்ம கம்பெனி பச்சையப்பன் ஊட்ல விசேஷம் மாப்ள. 'நீங்க ரெண்டு பேரும் வந்து வாசிக்கணும்'னு ஒரே புடி. நானும் சரின்னுட்டேன்."

டில்லிபாபு காவ்யாவைப் பார்த்தான். காவ்யா சால்டரிங் அயர்னைப் பார்த்தாள்.

"மாமா, அது வந்து... சரியாயிடுச்சு. காவ்யா எர்த்து குடுத்துட்டா. இனிமே நீங்க புட்ச்சிகினு நிக்க வேணாம்."

போட்டுக் காட்டினான். சத்தமே இல்லை. தங்கவேல் சந்தேகமாக இரும்புத் தகட்டைத் தொட்டார், மாப்பிள்ளையின் பிடரியைத் தொட்டார், விட்டார். ஒன்றும் மாறவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் இன்னா வாசிக்கிறது?"

அவர் முகத்தைப் பார்த்தால் இரண்டு பேராலும் சிரிக்க முடியவில்லை. காவ்யாதான் முதலில் எழுந்து துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "கெளம்பு நைனா. கடைக்குப் போவலாம்."

ஆவடி மார்க்கெட் பக்கம் வாத்தியக் கடையில், சலங்கை கோத்த வட்டமான தாம்பூரின் ஒன்றை எடுத்துக் காட்டினார் கடைக்காரர். தங்கவேல் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றார்.

"யாருக்கு சார், பேரப்புள்ளைக்கா?"

"இல்லப்பா, எனக்குத்தான். மாப்ளகூட வாசிக்கிறேன்" என்றார் தங்கவேல், இன்னொன்றை எடுத்து ஆட்டிக்கொண்டே.