இரண்டு சென்டிமீட்டர்

ஜெபமலர் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை. குருவிப்பாறைச் சரிவில் அவள் நட்டிருந்த ஆறு தகரக்கூடுகளில் நான்கு நட்ட இடத்திலேயே நின்றன. மேலே இருந்த இரண்டு மட்டும் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தன.

இரண்டாயிரமாம் ஆண்டு அக்டோபர் மாதம். ஐப்பசியின் துலாமழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜெபமலர் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நிலவியலாளர். மாதத்துக்கு ஒருமுறை போல ஒரு செயற்கைக்கோள் அதே பாதையில் தலைக்கு மேலே போய், ரேடார் அலையால் தரையைப் படம் எடுக்கும். இரண்டு படங்களை ஒப்பிட்டால் நிலம் நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். ஆனால் கிழக்கு மலைகளில் ரப்பர் இலைகள் காற்றில் ஆடிப் படத்தைக் குழப்பிவிடும். அதனால்தான் அலையை அப்படியே திருப்பி அனுப்ப, மூன்று அலுமினியத் தகடுகளை மூலையாகச் சேர்த்து சிமென்ட் மேடையில் நட்டிருந்தாள். மலைக்காரர்கள் அதைத் தகரக்கூடு என்றார்கள்.

வியாழக்கிழமை டெல்லியிலிருந்து நிதிக் குழு வருகிறது. திட்டத்தை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

உடன் வேலை பார்க்கும் அழகியநம்பி திரையை உற்றுப் பார்த்தார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். எதிலும் அவசரப்படாதவர்.

"யாராவது பிடிச்சு அசைச்சிருப்பாளோ? மாட்டைக் கட்டியிருந்தாக்கூட இப்படிக் காட்டும்."

"ரெண்டையுமா சார்? ஒரே அளவுக்கு?"

"டைரக்டர்கிட்ட சொல்லிடுங்கோ."

இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"கமிட்டி பார்க்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. ஒரே ஒரு ஜோடிப் படம். இதை வச்சு ஊரைக் கலக்கிட்டு, அப்புறம் தப்புன்னு ஆச்சுன்னா எவன் பணம் தருவான்?"

"அந்தச் சரிவுக்குக் கீழ அஞ்சு வீடு இருக்கு சார்."

"வியாழக்கிழமைக்கு அப்புறம் பேசலாம்."

மறுநாள் காலை ஜெபமலர் அவரிடம் சொல்லாமல் ஜீப் பிடித்து மலைக்குப் போனாள். மழை விடவில்லை. ரப்பர் மரங்கள் நின்ற படித்தட்டுகளில் கால் வழுக்கியது. மேல் தகரக்கூடுகள் இரண்டின் சிமென்ட் மேடையிலும் கீறல் இல்லை. போல்ட்டில் படிந்த துரு கலையாமல் இருந்தது. யாரும் தொடவில்லை. மேடையோடு சேர்ந்து மண்தான் இறங்கியிருந்தது.

அவள் இன்னும் மேலே ஏறினாள். சருகுக்கு அடியில் கால் சட்டென்று இறங்கியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சருகை விலக்கினாள். மலைக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் அப்படியே வீடுகளை நோக்கி இறங்கினாள்.

முதல் வீடு முத்தாரம்மாளுடையது. புருஷன் இல்லாதவள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைக்கிறவள்.

"அக்கா, இங்க கெடக்கக் கூடாது. இன்னைக்கே எறங்குங்க. மத்த வீட்டிலயும் சொல்லணும்."

"எந்தா மேடம், மலை இன்னைக்கு விழுமா?"

"தெரியாது."

"நாளைக்கு?"

"அதும் தெரியாது அக்கா."

"பின்ன, தெரியாத்த காரியத்துக்கா எனக்க வீட்ட விட்டு எறங்கச் சொல்லுதிய?"

ஜெபமலர் முத்தாரம்மாளின் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். முத்தாரம்மாள் குனிந்து வெடிப்புக்குள் கையை விட்டாள். தோள்வரை போயிற்று. கையை வெளியே எடுத்துச் சேற்றை உடுத்தியிருந்த முண்டில் துடைத்தாள். வேகமாக இறங்கி, பக்கத்து வீட்டு வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

இருட்டுவதற்குள் ஐந்து குடும்பமும் கோழி, பாத்திரத்தோடு கீழே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டன. வில்லேஜ் ஆபீசர் நிறுவனத்துக்குப் போன் செய்தார். இயக்குநர் ஜெபமலரைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. "வியாழக்கிழமை நீங்களே பதில் சொல்லுங்க" என்றார். அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் மழை கொட்டியது. ஒவ்வொரு முறை போன் மணி அடித்தபோதும் ஜெபமலர் எழுந்து நின்றாள். வியாழக்கிழமை காலை வானம் வெளுத்துவிட்டது. மலை நின்ற இடத்திலேயே நின்றது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு சென்டிமீட்டருக்காக அஞ்சு குடும்பத்தைக் கிளப்பியிருக்கீங்க. மலை விழலை."

"விழலை சார்."

"விழும்னு சொன்னீங்களா?"

"இல்லை. நகருதுன்னு சொன்னேன். நகருது."

"ஒரு ஜோடிப் படம். இதுல எவ்வளவு தப்பு வரலாம்?"

"அரை சென்டிமீட்டர் வரைக்கும் வரலாம் சார். ஆனா வெடிப்பை நானே கண்ணால பார்த்தேன்."

"தனி ஒருத்தரோட அவசரம்" என்று குழுவில் இன்னொருவர் சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அழகியநம்பி எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தனி ஒருத்தர் இல்லை. அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். உங்களுக்குக் கொடுத்த அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கு."

அவர் கையெழுத்துப் போட்டது ஜெபமலருக்கே அப்போதுதான் தெரியும்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. போதிய ஆதாரம் இல்லை, கூடுதல் படங்கள் தேவை என்று முடிவு வந்தது. கூடுதல் படம் வாங்கத்தான் அவள் நிதி கேட்டிருந்தாள்.

டிசம்பரில் முத்தாரம்மாள் பஸ் ஏறி நிறுவனத்துக்கே வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்களாம்.

"நாங்க திரும்பிப் போவட்டா? மலை நின்னுதா, இன்னும் எறங்குதா?"

"தெரியலை அக்கா. படம் வாங்க வழியில்லை. திட்டத்தை நிறுத்தியாச்சு."

"வானத்துல படம் பிடிக்கிய அது இப்பளும் போவுதுல்லா?"

"போவுது."

"பாக்குதுல்லா?"

"பாக்குது."

"பின்ன பாத்தத நம்மகிட்ட சொல்லதுக்கு என்ன கேடு?"

ஜெபமலர், நிலைமை தெரியாதவரை அங்கே தூங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். முத்தாரம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். "வெட்டாம எப்படிக் கஞ்சி குடிக்க? பகல்ல போயி வெட்டிட்டு வந்திருவேன். ராத்திரி தங்கச்சி வீட்டுல கெடந்துக்கிடுதேன்."

அவள் போனபின் ஜெபமலர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அழகியநம்பிதான் ஒரு வழி சொன்னார். ஜெர்மனியில் அவரோடு படித்த ஒருவருக்கு அதே செயற்கைக்கோளின் படங்கள் ஆய்வுக்காக இலவசமாகக் கிடைத்துவந்தன. இருவரும் சேர்ந்து அவருக்கு எழுதினார்கள். பதிலே வராமல் பொங்கல் கழிந்தது. பிப்ரவரியில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே நான்கு குறுந்தகடுகள்.

ஒரு சாயங்காலம் இருவரும் படங்களை ஒப்பிட்டு முடித்தார்கள். மழை நின்றபின்னும் சரிவு நிற்கவில்லை. மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே இருந்த இன்னொரு தகரக்கூடும் இப்போது நகரத் தொடங்கியிருந்தது.

இந்த முறை ஜெபமலர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அழகியநம்பியோடு நேராகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனாள். மூன்று முறை நடையாய் நடந்தபின், மழைக்காலத்துக்கு முன்னால், ஐந்து குடும்பத்துக்கும் சாலையோரமாகப் புறம்போக்கில் இடம் கிடைத்தது. ஜெபமலருக்கு அந்த வருஷம் பதவி உயர்வு வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மே மாதம் முத்தாரம்மாள், புது இடத்துக்குக் கொண்டுபோகப் பழைய வீட்டின் ஓடுகளை இறக்கினாள். ஜெபமலர் கீழே நின்று வாங்கி அடுக்கினாள். சரிவு வெயிலில் அமைதியாகக் கிடந்தது. பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

"நல்ல வீடு" என்றாள் முத்தாரம்மாள், கூரைமேல் இருந்து. "கேட்டியளா மேடம், இது விழாம நின்னுதுன்னா உங்களத்தான் ஏசுவேன்."

"ஏசுங்க அக்கா" என்று ஜெபமலர் அடுத்த ஓட்டுக்குக் கையை நீட்டினாள்.